சரவணனைப் பற்றி, பாப்பாவுக்கு

திருச்சி,
28.5.2026, இரவு.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுவது. 

நீ போனில் சொன்ன செய்தியைக் கேட்டதிலிருந்து மனம் நிலைகொள்ளவில்லை. ராணுவ அதிகாரிகளுக்கான எஸ்.எஸ்.பி.யின் ஐந்து நாள் தேர்வையும் மருத்துவப் பரிசோதனையையும் தாண்டி மெரிட் லிஸ்டில் உன் பெயர் வந்திருக்கிறது. அக்டோபரில் பரங்கிமலை ராணுவ அதிகாரிப் பயிற்சி அகாடமியான ஓ.டி.ஏ.வில் சேரவேண்டும். நம் குடும்பத்தில் யாரும் போகாத பாதை. உன்னை நினைத்து எனக்கு எவ்வளவு பெருமை என்பதை எழுத ஆரம்பித்தால் இந்தத் தாள் போதாது. ஆனால் நீ என்னைக் கூப்பிட்டது பெருமைப்படச் சொல்வதற்காக இல்லை. அப்பா இரண்டு வாரமாகச் சரியாகப் பேசவில்லை, சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்துவிடுகிறார், “நீங்க சொன்னாத்தான் கேப்பாரு அத்தை” என்றாய்.

சொல்கிறேன். அதற்கு முன்னால் உன்னிடம் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. அதைப் போனில் சொல்ல வராது.

நாளைக்கு மே 29. சின்ன வயதில் லீவுக்கு இங்கே வரும்போது என்னோடு கன்டோன்மென்ட்டுக்கு வருவாயே, வெஸ்ட்ரி ஸ்கூல் பக்கத்து ரவுண்டானாவுக்கு. நான் மேஜர் சரவணன் நினைவிடத்தில் பூ வைக்கும்போது நீ என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பஸ்களை வேடிக்கை பார்ப்பாய். “இவரு யாரு அத்தை?” என்று ஒருமுறை கேட்டாய். “கார்கில் சண்டையில செத்துப்போன நம்ம ஊரு அண்ணன்” என்றேன். அந்த வயதுக்கு அது போதும். இன்று நீயே அந்தச் சீருடையைப் போடப் போகிறாய். இனிமேல் அந்த ஒரு வரி போதாது.

மாரியப்பன் சரவணன் 1972 ஆகஸ்ட் 10ஆம் தேதி பிறந்தவர். நானும் அதே வருஷம்தான். அப்பாவும் ராணுவ அதிகாரி என்பதால் வீட்டிலேயே சீருடையைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. அவர் அதிகாரியாகப் போய்ச் சேர்ந்தது பீகார் ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியனில். இதை நீ கவனிக்கவேண்டும். அந்த ரெஜிமென்ட்டின் தலைமையகம் பாட்னாவுக்குப் பக்கத்தில் தானாப்பூரில் இருக்கிறது. ஜவான்களில் பெரும்பாலோர் பீகார்க்காரர்கள், ஜார்க்கண்ட் பக்கத்து ஆதிவாசிகள். பாய்ந்து போகும்போது அவர்கள் எழுப்பும் முழக்கம் ஒன்று ‘ஜெய் பஜ்ரங்பலி’, இன்னொன்று ‘பிர்சா முண்டா கீ ஜெய்’. அனுமாரையும், வெள்ளைக்காரனை எதிர்த்த ஆதிவாசித் தலைவனையும் ஒரே மூச்சில் கூப்பிடும் படை அது. நம் காவிரிக்கரைப் பிள்ளை அவர்களுக்கு முன்னால் நடந்தான். அவர்கள் அவன் பின்னால் நடந்தார்கள். இருட்டில், குளிரில், குண்டு வரும் திசையில் ஒருவன் பின்னால் இன்னொருவன் நடக்கவேண்டும் என்றால் தோளில் நட்சத்திரம் இருந்தால் மட்டும் போதாது. அவர்கள் பேசுவது இவன் காதில் ஏறவேண்டும், இவன் சொல்வது அவர்கள் மனசில் ஏறவேண்டும். நீ எந்தப் படைப்பிரிவுக்குப் போனாலும் முதல் வேலையாக உன் ஆட்களின் பேச்சைக் கற்றுக்கொள்.

1999 மே மாதத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கார்கிலுக்கு வடகிழக்கே, சிந்து நதி ஓடும் பள்ளத்தாக்கில் பட்டாலிக் இருக்கிறது. ஆற்றோரத்தில் ஆப்ரிகாட் மரங்கள் நிற்கும் சின்னச் சின்னக் கிராமங்கள். அதில் ஒன்று கர்கோன். அந்த ஊர்க்காரர் தாஷி நம்க்யால், காணாமல்போன தன் யாக் மாட்டைத் தேடி மலைமேல் போனார். அங்கே அந்நிய ஆட்கள் பதுங்குகுழி வெட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு வந்து ராணுவத்திடம் சொன்னார். அப்படித்தான் விஷயம் வெளியே தெரிந்தது. அந்நாளில் குளிர்காலத்தில் ஆள் இல்லாமல் விடப்பட்ட சிகரங்களில் பாகிஸ்தானின் நார்தர்ன் லைட் இன்ஃபன்ட்ரி ஏறி உட்கார்ந்திருந்தது. எத்தனை பேர், எத்தனை மலை, எவ்வளவு ஆயுதம் என்பது மே மாதத்தில் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. தெரியாத நிலையிலேயே ஆட்களை மேலே அனுப்பவேண்டி வந்தது. முதலில் போனவர்கள், நாட்டுக்கே நிலவரம் புரிவதற்கு முன்னால் அதைத் தங்கள் உடம்பால் தெரிந்துகொண்டவர்கள். சரவணன் அப்படி முதலில் போனவர்களில் ஒருவர்.

அந்த உயரம் எப்படிப்பட்டது என்பது அங்கே போகும்வரை எனக்கு விளங்கவில்லை. ஸ்கூல் டீச்சர்களோடு லடாக் சுற்றுலா போனபோது கார்கிலிலிருந்து பட்டாலிக் போகும் வழியில் ஹம்போட்டிங் லா என்ற கணவாயில் வண்டியை நிறுத்தினார்கள். 13,000 அடிக்கு மேலே. நான் மலைக்கோட்டைப் படிகளை நடுவில் உட்காராமல் ஏறுகிறவள். அங்கே சமதரையில் பத்தடி நடந்ததற்கே மார்பு அடைத்தது, தலை விண் விண்ணென்று தெறித்தது. மரம் இல்லை, புதர் இல்லை. ஒளிந்துகொள்ள ஒரு செடி கிடையாது. எங்கே பார்த்தாலும் உடைந்த கல்லும் சரளையும்தான். மேலே இருப்பவனுக்குக் கீழே வருகிற எல்லாமே தெரியும். கீழேயிருந்து வருகிறவனுக்கு மேலே இருப்பவன் சுடும்வரை எதுவும் தெரியாது. அதனால்தான் அங்கே பெரும்பாலான தாக்குதல்கள் இரவில். விடிவதற்குள் மேலே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். விடிந்துவிட்டால் சரிவில் இருப்பவன் வெட்டவெளியில் நிற்கிறான்.

1999 மே 28ஆம் தேதி, அந்தப் பகுதியில் ஜுபார் என்ற மலையில் 14,000 அடிக்கு மேல் இருந்த ஓர் எதிரி நிலையைப் பிடிக்கும் பொறுப்பு மேஜர் சரவணனிடம் ஒப்படைக்கப்பட்டது. இந்நேரம், நான் விளக்குப் போட்டுக்கொண்டு உனக்கு எழுதும் இந்த நேரத்தில், அவர்கள் பனியில் ஏறிக்கொண்டிருந்திருப்பார்கள். 29ஆம் தேதி விடியற்காலை நான்கு மணிக்குத் தாக்குதல் தொடங்கியது. மேலிருந்து தானியங்கித் துப்பாக்கிகள் குண்டுகளைப் பொழிந்தன. அவர் ராக்கெட் லாஞ்சரைத் தூக்கி எதிரியின் பதுங்குகுழிக்குள் சுட்டார், உள்ளே இருந்தவர்களில் இரண்டு பேர் செத்தார்கள். அதற்குள் குண்டுச் சிதறல் அவர் உடம்பில் பாய்ந்துவிட்டது. காயத்தோடு சண்டையைத் தொடர்ந்தார், மேலும் இரண்டு பேரை வீழ்த்தினார். பிறகு ஒரு தோட்டா தலையில் பட்டது. அவருக்கு வீர் சக்ரா கொடுத்தபோது சொல்லப்பட்ட விவரங்கள் இவை. போர்க்காலத்து வீரத்துக்குத் தரும் விருதுகளில் பரம்வீர் சக்ரா, மகாவீர் சக்ராவுக்கு அடுத்தது அது.

வயது 26. இருபத்தேழாவது பிறந்தநாளுக்கு இரண்டரை மாதம்கூட இல்லை.

அதே நாள், அதே பட்டாலியனில், பீகாரைச் சேர்ந்த நாயக் கணேஷ் பிரசாத் யாதவும் இறந்தார். அவருக்கும் வீர் சக்ரா. நம் ஊரில் சரவணன் பெயர் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், கணேஷ் பிரசாத் யாதவ் பெயர் தெரிந்தவர்களை நான் பார்த்ததில்லை. அவர் ஊரிலும் யாரோ ஒரு அத்தை தன் பிள்ளைகளுக்கு அவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பாள், அவளுக்குச் சரவணனைத் தெரிந்திருக்குமோ என்னவோ. ரவுண்டானாவில் பூ வைக்கும்போது நான் இரண்டு பெயரையும் வாய்விட்டுச் சொல்கிறேன். நீயும் சொல். அதிகாரியைத் தனியாக நினைப்பது அந்த அதிகாரிக்கே பிடிக்காது என்று நம்புகிறேன்.

பாப்பா, இதுவரை சொன்னது எல்லாரும் சொல்வது. மே 29 வந்தால் பேச்சுப் போட்டியில் பிள்ளைகள் ஒப்பிப்பதும் இதைத்தான். ராக்கெட் லாஞ்சர், காயம், மீண்டும் போராட்டம். கைதட்டல் விழுந்ததும் மேடையிலிருந்து இறங்கிவிடுகிறார்கள். இதற்கப்புறம் நடந்ததை யாரும் பேசுவதில்லை. உனக்கு நான் சொல்லவந்தது அதுதான்.

அவர் உடல் கீழே வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

ஜுபார் அன்று நம் கைக்கு வரவில்லை. அவர் விழுந்த இடம் எதிரியின் துப்பாக்கிக்கு நேர் எதிரே இருந்தது. எடுக்கப் போனால் மேலிருந்து குண்டு வரும். பனியில் அவர் அங்கேயே கிடந்தார். இறந்துவிட்டார் என்ற செய்தி ஊருக்கு வந்துவிட்டது, ஆள் வரவில்லை. நம் பக்கத்தில் சாவு விழுந்தால் என்ன செய்வோம் என்று உனக்குத் தெரியும். தலைமாட்டில் விளக்கு வைப்போம், அழுவோம், குளிப்பாட்டுவோம், எடுப்போம், பால் தெளிப்போம், பதினாறு கும்பிடுவோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இருக்கிறது. அந்த நாட்கள்தான் துக்கத்தைக் கைப்பிடித்து நடத்திக்கொண்டு போகின்றன. உடலே இல்லையென்றால் எதை எந்த நாளில் செய்வது? அந்த வீட்டின் ஜூன் மாதம் எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பார். காலையில் பேப்பர்க்காரன் வருவான். கார்கிலில் அந்தச் சிகரம் பிடிபட்டது, இந்தச் சிகரம் பிடிபட்டது என்று டிவி சொல்லும். நாடு முழுக்க தோலோலிங் பிடிபட்டதைக் கொண்டாடியது அந்த ஜூனில்தான். அந்த வீட்டுக்கு வேண்டிய மலையின் பெயர் மட்டும் செய்தியில் வந்திருக்காது.

இதை நான் சொந்தக் கற்பனையில் எழுதவில்லை, உன் அப்பா கேட்ட கேள்வியிலிருந்து எழுதுகிறேன். ஜூலையில் சரவணன் ஊர் வந்து சேர்ந்த அன்று திருச்சியே தெருவில் நின்றது. நானும் உன் அப்பாவும் கூட்டத்தில் நின்றோம். அப்போது அவன் காலேஜ் பையன். என்.சி.சி.யில் இருந்தான், ராணுவத்துக்குப் போகவேண்டும் என்று அவனுக்கும் ஆசை இருந்தது. இது உனக்குத் தெரியாது, அவன் சொல்லியிருக்கமாட்டான். தேசியக்கொடி போர்த்திய பெட்டியோடு வண்டி எங்களைக் கடந்து போனது. கூட்டம் கோஷம் போட்டது. உன் அப்பா வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டான்: “இத்தனை நாளும் அந்த வீட்ல எப்படிக்கா சோறு எறங்கியிருக்கும்?”

அதற்கப்புறம் அவன் ராணுவத்தைப் பற்றிப் பேசவில்லை. பயந்துவிட்டான் என்று நீ நினைத்தால், ஆமாம், பயந்தான். தன் உயிருக்காக இல்லை. எங்கள் அம்மாவுக்கு அப்படி ஒரு மாதம் வந்துவிடக் கூடாது என்று பயந்தான். இப்போது அந்த இடத்தில் தன்னையே வைத்துப் பார்க்கிறான். அவன் சாப்பாட்டை அளைவது கோபத்தில் என்று நீ நினைக்கிறாய். இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் கிடைக்காமல்தான் அவன் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

காத்திருப்பவர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் போர் என்பது பாதிக்கு மேல் அவர்கள் கதை. 1971 போரில் டாங்கிப் படையில் இருந்த செகண்ட் லெப்டினன்ட் அருண் கேதர்பால் டிசம்பர் 16ஆம் தேதி பசந்தர் சண்டையில் இறந்தார். 21 வயது. போர் மறுநாளே முடிந்துவிட்டது. பிள்ளை திரும்பி வருவான் என்று வீட்டில் காத்திருந்தார்கள். செய்தி போய்ச் சேர்ந்தது 26ஆம் தேதி. அதற்குள் போர்க்களத்துக்குப் பக்கத்திலேயே தகனம் முடிந்து, வீட்டுக்குச் சாம்பல்தான் போனது. அந்தக் காலத்தில் பெரும்பாலும் அதுதான் வழக்கம். இறந்தவர்களைப் பெருமளவில் அவரவர் ஊருக்கே அனுப்பியது கார்கில் போரில்தான். அதனால்தான் 1999இல் இந்தியாவின் எத்தனையோ சிற்றூர்கள் தங்கள் தெருவிலேயே போரைப் பார்த்தன.

எதிர்ப்பக்கத்திலும் தாய்மார் இருந்தார்கள். அங்கே செத்த நார்தர்ன் லைட் இன்ஃபன்ட்ரிக்காரர்கள் பெரும்பாலும் கில்கித், பால்டிஸ்தான் மலைப் பிள்ளைகள். தங்கள் ராணுவம் அங்கே இல்லை என்று பாகிஸ்தான் சாதித்ததால், அவர்களில் பலருடைய உடலை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. நம் ஜவான்களே இஸ்லாமிய முறைப்படி அந்த மலைகளில் அவர்களை அடக்கம் செய்தார்கள். டைகர் ஹில்லில் விழுந்த, கர்னல் ஷேர் கான் என்ற பெயருடைய கேப்டன் கடுமையாகப் போராடினார் என்று நம் பிரிகேடியர் பஜ்வா ஒரு குறிப்பு எழுதி உடலோடு அனுப்பினார். பாகிஸ்தான் அவருக்குத் தன் மிக உயர்ந்த விருதான நிஷான்-இ-ஹைதரைக் கொடுத்தது. சரவணனுக்காக நான் அழும்போது, பிள்ளை எங்கே கிடக்கிறான் என்றே தெரியாமல் போன அந்த பால்டிஸ்தான் தாயையும் நினைத்துக்கொள்கிறேன். அதனால் சரவணன் மேல் எனக்குள்ள மரியாதை ஒரு குன்றிமணி அளவும் குறையவில்லை.

இனி, ஜுபார் எப்படி நம் கைக்கு வந்தது என்பதையும் கேள். பீரங்கிப் படைக்குப் போக ஆசை என்று சொன்னாயே, இது உனக்கான பாடம். மே மாதக் கடைசியில் மேலே ஏறியவர்களுக்குப் பின்னால் போதுமான பீரங்கி பலம் இல்லை. ஜூனில் நிலைமை மாறியது. போஃபர்ஸ் உட்படப் பீரங்கிகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். காலாட்படை ஏறுவதற்கு முன்னால் சிகரத்தை மணிக்கணக்கில் அடித்து, பதுங்குகுழியில் இருப்பவன் தலைதூக்க முடியாமல் செய்துவிட்டு, அந்த மறைவில் ஆட்களை ஏற்றினார்கள். அந்தப் போர் முழுவதிலும் நம் பக்கத்துப் பீரங்கிகளும் மோர்ட்டார்களும் ராக்கெட்டுகளும் சுட்டது 2,50,000 குண்டுகளுக்கு மேல். ஜூலை முதல் வாரத்தில் அதே பீகார் ரெஜிமென்ட் ஜுபாரைப் பிடித்தது. அப்போதுதான் தங்கள் மேஜரை அவர்களால் கீழே கொண்டுவர முடிந்தது. அவர் ஊர் வந்து சேர்ந்ததற்குக் காரணம் அந்த ஜவான்களின் பிடிவாதம் பாதி, பின்னாலிருந்து பேசிய பீரங்கிகள் பாதி.

இதை வைத்து யாரையும் குற்றம் சொல்ல நான் வரவில்லை. அன்றைக்கு மலைமேல் என்ன இருக்கிறது என்று தெரியாத நிலைமை. ஆனால் நாளைக்கு நீ ஒரு பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று கணக்குப் போடும்போது, எங்கோ ஒரு சரிவில் 26 வயதுப் பையன் ஒருவன் உன் கணக்கை நம்பி ஏறிக்கொண்டிருப்பான். கணக்கு டீச்சரான இந்த அத்தையின் மருமகள் நீ, ஒரு டிகிரி பிசகினால் குண்டு எங்கே போய் விழும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. பெண்களுக்குப் பீரங்கிப் படையின் கதவு திறந்ததே 2023இல்தான், அதுவும் இதே பரங்கிமலையிலிருந்து போன ஐந்து பெண்களுக்கு. அந்தக் கதவு வழியாகப் போகிறவள் சரவணனை மறக்கவே கூடாது. அவர் எதற்காக அவ்வளவு நாள் பனியில் கிடந்தார் என்பது தெரிந்தவள் தன் வேலையில் அலட்சியமாக இருக்கமாட்டாள். அவருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதைகளில் இதைவிடப் பெரியது ஒன்று எனக்குத் தோன்றவில்லை.

நம் ஊர் காந்தி மார்க்கெட்டுக்கு முன்னால் முதல் உலகப்போர் நினைவுச் சின்னம் ஒன்று நிற்கிறது. ஆயிரம் தடவை அதைத் தாண்டிக் காய்கறி வாங்கப் போயிருப்போம். திருச்சியிலிருந்து அந்தப் போருக்கு 302 பேர் போனார்கள், 41 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்கிறது அது. வேறு யாருடைய ராஜ்யத்துக்காகவோ, எந்த நாட்டு மண்ணிலோ செத்தார்கள். அந்த 41 பேரில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் அம்மா இருந்தாள், அவளும் கடிதத்துக்காக வாசலில் உட்கார்ந்திருப்பாள். நூறு வருஷத்தில் 41 என்ற எண்தான் நமக்கு மிஞ்சியது. கார்கிலில் இறந்த 527 பேரும் அப்படி ஓர் எண்ணாகத் தேய்ந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. த்ராஸில் தோலோலிங் அடிவாரத்து நினைவிடத்தில் சுவர் நிறையப் பெயர் பொறித்து வைத்திருக்கிறார்கள். டெல்லியில் 2019இல் திறந்த தேசியப் போர் நினைவிடத்திலும் ஒவ்வொருவருக்கும் கல்லில் பெயர் இருக்கிறது. கல் தன் வேலையைச் செய்கிறது. மீதியை மனுஷர்கள்தான் செய்யவேண்டும்.

மீதி என்று நான் சொல்வது இதுதான். சரவணனை நினைப்பது என்றால் அவருடைய கடைசி இரவை மட்டும் நினைப்பது போதாது. அதற்கு முந்தைய இருபத்தாறு வருஷத்தையும், அதற்குப் பிந்தைய இருபத்தேழு வருஷத்தையும் சேர்த்து நினைக்கவேண்டும். இந்த ஆகஸ்ட் வந்தால் அவருக்கு 54 முடியும். ராணுவத்தில் கர்னலாக இருப்பவர்கள் ஓய்வுபெறும் வயது அது. உயிரோடு இருந்திருந்தால் இந்த வருஷம் பெட்டி படுக்கையோடு ஊர் திரும்பியிருப்பார். என்னைப் போலவே முட்டி வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டு கன்டோன்மென்ட்டில் காலை நடை போயிருப்பார். யாருக்காவது மாமாவாக, யாருக்காவது தாத்தாவாக ஆகியிருப்பார். எனக்கு நரைத்த தலை அவருக்கு நரைக்கவில்லை. அந்த வருஷங்கள் எல்லாவற்றையும் 1999 மே 29ஆம் தேதி விடியற்காலையில் மொத்தமாகக் கொடுத்துவிட்டார். ‘உயிரைக் கொடுத்தார்’ என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். கொடுத்தது இதையெல்லாம்தான்.

நீ போகவேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை, பாப்பா. நீ போகவேண்டும் என்பதுதான் என் முடிவு. இந்த நாட்டின் எல்லையில் யாரோ ஒருவர் பிள்ளை நிற்கத்தான் வேண்டும், அது எப்போதும் அடுத்த வீட்டுப் பிள்ளையாகவே இருக்கட்டும் என்று நினைப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. ஆனால் சீருடையின் மிடுக்கை மட்டும் பார்த்துப் போகாதே. முழுக்கதையும் தெரிந்துகொண்டு போ. தெரிந்த பிறகும் போகவேண்டும் என்று உனக்குத் தோன்றினால் அந்த ஆசை உறுதியானது, அதை யாராலும் அசைக்க முடியாது.

அப்பாவிடம் நான் பேசுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பல்லவன் ரயிலில் வருகிறேன், ஸ்டேஷனுக்கு அவனையே வரச்சொல். அவன் பயத்தை விலக்கச் சொல்லமாட்டேன். அது விலகாது, விலகவும் வேண்டாம். மகளை அனுப்பிவிட்டுப் பயமில்லாமல் தூங்கும் அப்பா எங்கேயும் இல்லை. பயத்தோடேயே கையெழுத்துப் போடச் சொல்லப்போகிறேன். என்.சி.சி. நாட்களைப் பற்றி அவனிடம் நீயாகவே கேள். நான் சொன்னேன் என்றும் சொல். இரண்டு பேரும் ஒரே ஆசையைப் பற்றித்தான் இத்தனை நாள் பேசாமல் இருந்திருக்கிறீர்கள் என்பது தெரிந்தால் பாதி இறுக்கம் தளர்ந்துவிடும்.

உன்னிடம் எனக்கு வேண்டியது ஒன்று. எங்கே இருந்தாலும் வாரம் ஒரு கடிதம் அப்பாவுக்குக் கையால் எழுது. போனில் பேசுவது காதோடு போய்விடும். 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் முகவரியிலிருந்து வந்த உறைகள் எத்தனையோ வீடுகளில் பெட்டியடியில் இன்னும் இருக்கின்றன. என்ன சாப்பிட்டாய், யாரோடு சிரித்தாய், உன் ஆட்களின் ஊர் எது, அவர்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுது. நாளைக்கு நீ ஒரு படைக்குத் தலைவியாக இருக்கும்போது, உன் ஆட்களில் ஒருவனுக்கு ஏதாவது நேர்ந்தால் அவன் வீட்டுக்குக் கடிதம் எழுதவேண்டியவளும் நீதான். அந்தக் கடிதத்தில் அவன் பெயரையும் நம்பரையும் தாண்டி எழுத உனக்கு ஏதாவது தெரிந்திருக்கவேண்டும். அதற்கு இப்போதிலிருந்தே பழகு.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல். வரும்போது முறுக்கும், உனக்குப் பிடித்த மாவடுவும் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
உன் அன்பு அத்தை.